தடுப்பூசிப் பதிவைத் தொடங்கிய கிளினிக்குகள் மூன்றாம் மாதமே நிறுத்திவிடுகின்றன: தொடரச் செய்வது எப்படி?

கேள்வி: மேற்கு மாவட்டக் குழந்தைநல மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாவட்டங்களில் உள்ள நடுத்தர நகரம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகள் நல கிளினிக் நடத்திவருகிறேன். எங்கள் நகரத்து மருத்துவர் வட்டத்தில் சென்ற ஆண்டு ஒரு பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அதில் தட்டுத்தடுமாறி நிற்பதால் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் ஒவ்வொரு தவணையையும் குழந்தையின் பெயரிலேயே பதிந்து வைக்கும் யு-வின் தளம் 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கியது. 2024 அக்டோபர் 29 அன்று நாடெங்கும் முறைப்படி அறிமுகமானது. கருவுற்ற தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் 12 நோய்களுக்கு எதிராகப் போடப்படும் தடுப்பூசிகள் இதில் பதிவாகின்றன. கொரோனாக் காலத்தில் கோவின் சான்றிதழைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு திரிந்தோமே, அதைப் போலவே கியூஆர் குறியுள்ள சான்றிதழைப் பெற்றோர் தாங்களே இறக்கிக்கொள்ளலாம். அடுத்த தவணைக்கு முன் குறுஞ்செய்தியும் வருகிறது. அரசு நிலையங்களில் இது அன்றாடப் பணியில் கலந்துவிட்டது. எங்களைப் போன்ற தனியார் கிளினிக்குகளையும் இதில் சேர்த்து, சேர்ந்தவர்கள் விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை.

சேர்ப்பது கடினமாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பயிற்சி வைத்தோம், சாப்பாடும் போட்டோம், வந்தவர்கள் அனைவரும் ஆர்வத்துடன் பெயர் கொடுத்தார்கள். முதல் மாதம் பதிவுகள் நிறைந்து வந்தன. இரண்டாம் மாதம் மெலிந்தன. மூன்றாம் மாதத்தில், சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு பதிவுகூடச் செய்யவில்லை. தொலைபேசியில் கேட்டால் எல்லாரும் மரியாதையாகவே பேசுகிறார்கள். "இந்த வாரம் ஆள் இல்லை டாக்டர்", "மழைக்காலம் முடியட்டும் டாக்டர்" என்கிறார்கள். எவரும் மறுக்கவில்லை, எவரும் செய்யவும் இல்லை.

இது எதற்காக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எங்கள் பகுதியில் ஒரே குழந்தைக்கு ஆறாம் வாரத் தவணை ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பத்தாம் வாரத் தவணை என்னிடத்திலும், பதினான்காம் வாரத் தவணை தாய்வீட்டு ஊரிலும் போடப்படுவது சாதாரணம். "அட்டை மாமியார் வீட்டில் இருக்கிறது டாக்டர்" என்ற வாக்கியத்தை வாரம் தவறாமல் கேட்கிறேன். அரசு நிலையத்தில் போலியோ ஊசி 0.1 மில்லி அளவில் தோலுக்குள் போடப்படுகிறது, நாங்கள் 0.5 மில்லியைத் தசையில் போடுகிறோம். முன்பு எது, எத்தனை முறை போடப்பட்டது என்று தெரியாமல் அடுத்ததை முடிவு செய்வது, இருட்டில் படியிறங்குவது போன்றது.

ஆனால் இந்தக் காரணங்களை எழுதிச் சுற்றறிக்கை அனுப்பியும், வாட்ஸ்அப் குழுவில் வாரந்தோறும் நினைவூட்டியும் பயன் இல்லை. குழுவில் வணங்கும் கைகள் வருகின்றன, பதிவு வருவதில்லை. ஆகவே என் கேள்வி இது: தொடங்கிய கிளினிக் தொடர்வதற்கு எது உதவியது, எது கெடுத்தது? உங்கள் இடத்தில் கண்டதைச் சொன்னால் போதும்; கொள்கை விளக்கம் என்னிடமே கட்டுக்கட்டாக இருக்கிறது.


மறுமொழி 1: ஊசி அறைச் செவிலியர்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகள் கிளினிக்குகளில் ஊசி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் பதிவு நின்றுபோனது. இப்போது இருக்கும் இடத்தில் நிற்கவில்லை. இரண்டையும் அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

முதல் இடத்தில், பகல் முழுவதும் ஊசிகளைக் காகிதப் பதிவேட்டில் எழுதிவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு வரவேற்பில் இருந்த பெண் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவாள். அந்த நேரத்தில் எழுதியிருப்பது எம்.ஆரா (தட்டம்மை–ரூபெல்லா), எம்.எம்.ஆரா (அவற்றோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்தது) என்று தெரியாது. குப்பியின் பேட்ச் எண் குப்பைக்குப் போயிருக்கும். அம்மாவின் எண்ணா அப்பாவின் எண்ணா, எந்த எண்ணில் முன்பு பதிந்தோம் என்பதும் தெரியாது. தேடிக் கிடைக்காவிட்டால் புதிதாகப் பதிந்துவிடுவாள். இப்படியே ஒரு குழந்தை இரண்டு குழந்தைகளாகிவிடும். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி வேலையை விட்டாள். நுழைவு விவரங்கள் எல்லாம் அவளுடைய கைப்பேசியோடு போய்விட்டன. அடுத்து வந்தவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில் பதிவு அடங்கிவிட்டது. அப்படி அடங்கியது என்பதை டாக்டர் கவனித்ததே நான்கு மாதம் கழித்துத்தான்.

இப்போதைய இடத்தில் வரிசையையே மாற்றி வைத்திருக்கிறோம். குழந்தை வந்ததும் எடை பார்க்கிறோம், உடனே கைப்பேசி எண்ணைக் கேட்டுத் திரையில் தேடுகிறோம். முந்தைய தவணைகளைப் பார்த்த பிறகுதான் குளிர்பெட்டியைத் திறக்கிறோம். முதலில் பார்ப்பது, பிறகு போடுவது, உடனே பதிவது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையை இருக்கச் சொல்கிறோம் அல்லவா, அந்த அரை மணி நேரத்துக்குள் பதிவு முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் கிளினிக்கின் ஒரே கண்டிப்பான விதி. உண்மையில் ஒரு குழந்தைக்கு ஓரிரு நிமிடமே ஆகிறது. இரவில் மொத்தமாக ஏற்றும்போதுதான் அது மலையாகத் தெரிகிறது.

சில சிறிய ஏற்பாடுகளும் உண்டு. காலையில் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அன்றைய மருந்துகளின் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் வெள்ளைப் பலகையில் எழுதிவிடுவேன். தனியாரில் வாங்கும் மருந்துகளின் வணிகப் பெயருக்கு எதிரே, அதில் அடங்கிய நோய்த்தடுப்புகளைத் தமிழில் எழுதிய தாள் ஒன்றை மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி என்று. புதிதாகச் சேரும் பிள்ளைகள் குழம்பாமல் இருப்பதற்கு அந்தத் தாளே காரணம். இணையம் நின்றால் எழுத ஒரு நோட்டு இருக்கிறது. அதன் கட்டங்கள் திரையில் கேட்கும் வரிசையிலேயே இருக்கும். மறுநாள் முதல் குழந்தையைக் கூப்பிடுவதற்கு முன் அதை ஏற்றிவிட வேண்டும். பதியத் தெரிந்தவர்கள் எப்போதும் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். டாக்டர் பார்க்காத பதிவை நாங்கள் ஒழுங்காக எழுத மாட்டோம். எங்கள் டாக்டர் அட்டையைக் கேட்பதற்கு முன் "திரையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார். போன மாதம் பதிந்தது தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பழைய இடத்தில் நாங்கள் பதிந்ததை யாருமே திரும்பப் பார்த்ததில்லை. கிணற்றில் போட்ட கல்லை எத்தனை நாள் போட்டுக்கொண்டிருப்பது?


மறுமொழி 2: பாதியில் விட்டவன்

டாக்டர் அவர்களே, உங்கள் தொலைபேசிக்கு "மழைக்காலம் முடியட்டும்" என்று பதில் சொல்பவர்களின் கட்சியைச் சேர்ந்தவன் நான். ஊர் மட்டும் வேறு. எங்கள் தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் தனியாளாகக் கிளினிக் நடத்துகிறேன். மாலையில் வரும் கூட்டத்தைப் பார்க்க ஒரு செவிலியர், சீட்டுக் கொடுக்க ஒரு பையன், அவ்வளவுதான் ஆள் பலம். என்னிடம் ஏற்கெனவே ஒரு கிளினிக் மென்பொருள் இருக்கிறது. குழந்தையின் தடுப்பூசி விவரம் முழுவதும் அதில் உண்டு. ரசீதும் அதிலிருந்தே வருகிறது. அதே விவரத்தை மறுபடியும் இன்னொரு திரையில் தட்ட வேண்டும் என்றால், நல்ல நோக்கம் எத்தனை நாள் தாங்கும்? என் மென்பொருளே அந்தப் பதிவை அனுப்பிவிடும் என்ற நிலை வந்தால் அன்றைக்கே நான் மீண்டும் சேர்ந்துவிடுவேன்.

இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஒரு நாளில் எத்தனை ஊசி போடுகிறோம் என்ற கணக்கு அரசுத் திரையில் ஏறினால், அது நாளைக்கு வேறு எந்தத் துறைக்குப் போகுமோ என்ற தயக்கம் எங்களில் பலருக்கு இருக்கிறது. அது நியாயமான தயக்கம் என்று நான் சொல்லவில்லை. வருமானத்தை ஒழுங்காகக் காட்டுகிறவனுக்குப் பயம் எதற்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தத் தயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் "குழந்தைகளின் எதிர்காலம்" என்று சுற்றறிக்கை அனுப்புவதால்தான் அது வணங்கும் கைகளோடு முடிந்துவிடுகிறது. பெற்றோரின் விவரம் எங்கே போகிறது, யார் பார்க்கலாம் என்பதையும் இப்படியே தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, குழந்தையின் விவரத்தைக் கேட்டால் "எதற்கு?" என்று திருப்பிக் கேட்கும் தகப்பன்மார் என் கிளினிக்குக்கே வருகிறார்கள்.

மேலே செவிலியர் சகோதரி சொன்ன "முதலில் பார்ப்பது" என்ற வரிசை மட்டும் என்னை யோசிக்க வைத்தது. நான் சேர்ந்திருந்த மூன்று மாதமும் அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு முறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்க்கலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள்தான். ஆனால் பயிற்சியின் முக்கால் பங்கு எப்படி ஏற்றுவது என்பதிலேயே போய்விட்டது.


மறுமொழி 3: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். துணை சுகாதார நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பணிசெய்து ஓய்வுபெற்றவள் நான். காகிதப் பேரேடு, பிக்மி, யு-வின் என்று மூன்று காலத்தையும் பார்த்தாயிற்று.

நமது மாநிலத்தில் கருவுற்ற தாய்மார்களைப் பதியும் பிக்மி 2008-இல் வந்தபோதும் இதே பேச்சுத்தான்: இரட்டை வேலை, ஆள் இல்லை, நேரம் இல்லை. அது நிலைத்ததற்குக் காரணம் எங்கள் கடமையுணர்ச்சி என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மையில், பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பதிவில் தாய்க்குக் கிடைக்கும் 12 இலக்க ஆர்சிஎச் எண் வேண்டும் என்று ஆக்கிய பிறகுதான் தனியார் மருத்துவமனைகளும் தாய்மார்களும் அந்த எண்ணைத் தேடி வந்தார்கள். ஆகவே கண்டிப்பு வேலை செய்யும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். பிரசவத்துக்குச் சில நாள் முன்னால் ஓடிவந்து எண் கேட்பவருக்கு, ஏழெட்டு மாதத்துப் பரிசோதனை விவரங்களை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லி நிரப்புவோம். எண் கிடைத்துவிடும், அதற்குள் இருக்கும் விவரம் எவ்வளவு உண்மை என்பது கடவுளுக்கே வெளிச்சம். தடுப்பூசிப் பதிவில் அப்படி நடந்தால், பதிவே இல்லாததைவிட மோசம். போடாத ஊசி போட்டதாக ஆகிவிடும்.

உங்கள் கிளினிக்குகளில் பதியாவிட்டால் எங்களுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். அதற்கு முன்பே, வர வேண்டிய குழந்தைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். சித்திரை வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய்க் கதவைத் தட்டினால், "அதெல்லாம் டவுனில் டாக்டரிடம் போட்டாயிற்று, உங்களுக்குத் தெரியாதா?" என்று பாட்டி கேட்பார். அடுத்த மாதமும் அந்தக் குழந்தை பட்டியலில் இருக்கும். அடுத்த மாதமும் போக வேண்டும். உண்மையிலேயே ஊசி போடாத குழந்தை ஊர்க்கோடியில் செங்கல் சூளையில் இருக்கும். அங்கே போகும் நேரம் இந்த வீட்டு வாசலில் கழிந்துவிடும். இதை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. உங்கள் வட்டத்துக் கூட்டத்துக்கு அந்தந்தப் பகுதிச் செவிலியரை ஒருமுறை வரவழைத்து, இதையே தன் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு அவரே கிளினிக்குக்குப் போன் செய்து, "நீங்கள் பதிந்ததால் இந்த மாதம் பத்து வீடு குறைந்தது அக்கா" என்று ஊசி அறைப் பெண்ணிடம் சொன்னால், அந்தப் பெண் பதிவை நிறுத்த மாட்டாள். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டில் இப்படி இரண்டு கிளினிக்குகளோடு பேச்சு வைத்திருந்தேன். அவர்களும் எனக்குப் போன் செய்து குழந்தைகளைப் பற்றிக் கேட்பார்கள்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும், முன்பு போட்டிருந்தாலும் மறுபடி போட்டோம். அடையாளத்துக்கு இடது கட்டைவிரலில் மை வைத்தோம். மை சில நாளில் போய்விட்டது. பல குழந்தைகளின் அட்டையில் அந்தத் தவணை ஏறவே இல்லை. அந்தப் பிள்ளைகளில் பெரியவர்கள் இப்போது கல்லூரி வயதைத் தொட்டுவிட்டார்கள்.

பாதியில் விட்ட டாக்டர் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய ஊக்கத் தவணைகளைத்தான் தாய்மார்கள் மிகுதியாக மறக்கிறார்கள். தொண்டை அடைப்பான் திரும்பி வருவதற்கும் அந்த மறதி ஒரு காரணம். பதிவு இருந்தால் அவர்களுக்குக் குறுஞ்செய்தி போகும். அவர்கள் எங்களிடம் வராவிட்டாலும் உங்களிடம் வருவார்கள். உங்களுக்கும் அது நட்டமில்லை.


மறுமொழி 4: மெல்பேர்ன் செவிலி

வணக்கம். திருச்சியில் செவிலியர் படிப்பு முடித்து, இப்போது ஆஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகரின் பொது மருத்துவ கிளினிக் ஒன்றில் பணிபுரிகிறேன். இங்கே இந்தச் சிக்கலை முப்பது ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறார்கள் என்பதால் அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசிப் பதிவேடு இங்கே 1996-இல் தொடங்கியது; 2016 செப்டம்பர் 30 முதல் எல்லா வயதினருக்கும் உரிய ஏ.ஐ.ஆர். பதிவேடாக விரிந்தது. தொடக்கத்தில் காசு கொடுத்துத்தான் பழக்கினார்கள். ஒரு வயதுக்கட்டத்துக்குரிய தவணைகளை முடித்த குழந்தையின் விவரத்தை அனுப்பினால் 6 டாலர் தந்தார்கள். 1998 முதல் கிளினிக்குகளுக்கென்று தனி ஊக்கத்தொகைத் திட்டமும் இருந்தது. தன்னிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் தடுப்பூசி முடித்திருந்தால் கிளினிக்குக்குக் கூடுதல் தொகை கிடைத்தது. பிற்காலத்தில் அந்த ஊக்கத்தொகைகளில் பலவற்றை நிறுத்திவிட்டார்கள். அப்போது கிளினிக்குகள் பதிவை விட்டுவிடவில்லை. ஐந்து வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் முழுத் தவணை பெற்றவர்களாகவே பதிவேட்டில் தொடர்ந்தார்கள். பதிவது சட்டப்படி கட்டாயம் என்று ஆனது 2021-இல்தான்: பிப்ரவரி 20 முதல் கொரோனாத் தடுப்பூசிக்கும், மார்ச் 1 முதல் இன்ஃப்ளூயன்சாத் தடுப்பூசிக்கும், ஜூலை 1 முதல் தேசியத் திட்டத் தடுப்பூசிகளுக்கும். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பழக்கம் வேரூன்றிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

காசு நின்ற பிறகும் பழக்கம் ஏன் நிலைத்தது என்று கேட்டால், என் கணிப்பில் இரண்டு காரணங்கள். ஒன்று, பாதியில் விட்ட டாக்டர் மேலே கேட்டதேதான்: கிளினிக் மென்பொருளிலிருந்து பதிவு நேரடியாகப் போய்விடுகிறது. ஊசி விவரத்தை நோயாளியின் கோப்பில் ஒருமுறை எழுதினால் போதும். இரட்டைத் தட்டச்சு இருக்கும் வரையில் எந்த நாட்டிலும் இது நொண்டும்; இதில் அவர் பக்கம்தான் நான். இரண்டாவது, பெற்றோரின் தேவை. 2016 ஜனவரியிலிருந்து, தவணை முடிக்காத குழந்தையின் குடும்பத்துக்குச் சில அரசு உதவித்தொகைகள் கிடைப்பதில்லை. எங்கள் மாநிலத்தில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கவும் பதிவேட்டின் சான்று வேண்டும். பதிவு விட்டுப்போனால் மறுநாளே தாய் போன் செய்துவிடுவார். எங்களைக் கண்காணிப்பவர் அதிகாரி அல்லர், அந்தத் தாய்.

ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா சொன்ன அபாயம் இங்கும் உண்டு. ஆகவே கண்டிப்பை நான் முதலில் வைக்க மாட்டேன். நீங்கள் உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது வேறொன்று. எங்கள் கிளினிக்கில் தவணை கடந்தவர்களின் பட்டியலைப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறோம். பத்து-ஏ என்று அதற்குப் பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போன் செய்வேன். பட்டியலில் இருப்பவர்களில் சிலர் உண்மையிலேயே தவறவிட்டவர்கள். சிலர் ஊசி போட்டும் பதிவு சரியாகச் சேராதவர்கள். இரண்டாம் வகையினரைத் திருத்தத் திருத்தத்தான் நாங்கள் எங்கே பிழை செய்கிறோம் என்று எங்களுக்கே தெரிந்தது. ஊரிலும் வர வேண்டிய குழந்தைகளின் பட்டியலைப் பதிவே தருகிறது என்றால், அதைக் கிளினிக்கின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இடையில் ஒன்று. ஊரிலிருந்து குடிவரும் தமிழ்க் குடும்பங்களின் அட்டைகளைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை, தமிழ் தெரியும் என்பதால் என்னிடமே வந்துசேரும். மடித்து மடித்துக் கிழிந்த அட்டை, பாதி மறைந்த மருந்து ஸ்டிக்கர், ஆண்டு இல்லாத தேதி. ஒன்பதாம் மாதத்தில் போட்ட எம்.ஆர். ஊசி இங்கே கணக்கில் சேராது என்பதையும், அதில் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் ஒவ்வொரு தாய்க்கும் விளக்க வேண்டியிருக்கிறது. தனியாரில் பின்னால் எம்.எம்.ஆர். போட்டிருப்பார்கள், அதற்குச் சான்று இருக்காது. மறுபடி குத்துவேன். குழந்தை அழும்போது எனக்கு உங்கள் கிளினிக்குகள் மேல் கோபம் வரும்.


மறுமொழி 5: ஒரு தந்தை

மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவன் என்றாலும், மேலே சகோதரி எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. என் மகள் அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோது, எம்.எம்.ஆர். இரண்டு தவணைக்கும் சின்னம்மைத் தடுப்பூசிக்கும் தேதியோடு சான்று கேட்டார்கள். குழந்தையில் எல்லாம் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. போட்ட டாக்டர் காலமாகிவிட்டார். அவருடைய பழைய பேரேடுகள் கிளினிக்கை மூடியபோது எடைக்குப் போய்விட்டன. அட்டை, வீடு மாறியபோது எங்கோ போனது. ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்பாற்றலைக் காட்டலாம் என்றார்கள். அதற்கு நாள் போதவில்லை. விமானச் சீட்டுக்கு முந்தைய மாதம் மறுபடியும் இரண்டு ஊசி, நான்கு வார இடைவெளியில்.

பெற்றோரிடம் இந்தப் பதிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் குறை. சான்றிதழை நாங்களே இறக்கிக்கொள்ளலாம் என்பது இதைப் படித்த பிறகே எனக்குத் தெரிகிறது. என் பேரனுக்குப் போட்ட இடத்தில், "பதிந்தீர்களா?" என்று அடுத்த முறை நானே கேட்கப்போகிறேன். கிளினிக் வாசலில் "பதிவைக் கேட்டு வாங்குங்கள்" என்று ஒரு பலகை வைத்தால், ரசீது கேட்பது போலக் கேட்போமே.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

எல்லாருக்கும் மிக்க நன்றி. என் பிழை எங்கே என்று ஓரளவு புரிகிறது. மூன்று மாதமாகக் கிளினிக்குகளிடம் "அனுப்புங்கள், அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஒருமுறையும் காட்டவில்லை. பாதியில் விட்ட டாக்டரின் வெளிப்படையான எழுத்துக்குத் தனி நன்றி; கணக்கு வெளியே போகும் என்ற தயக்கத்தை எங்கள் வட்டத்தில் நானே எடுத்துப் பேசுவேன். சுகாதாரத் துறை அலுவலரையும் வைத்துக்கொண்டு பேசுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் நினைவூட்டல்களை நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பதிலாக, நின்றுபோன கிளினிக்குகளுக்கு என் செவிலியரை அரை நாள் அனுப்பி, ஊசி அறையில் உட்கார்ந்து வரிசையை மாற்றிக் காட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன். மருத்துவருக்குப் பயிற்சி கொடுத்தோம். ஊசி அறையில் இருப்பவருக்குக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டவர்களில் செவிலியர் ஒருவர்கூட இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இரட்டைத் தட்டச்சுக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. அது மென்பொருள் இணைப்பால் தீர வேண்டியது. எங்கள் வட்டத்தால் ஆகக்கூடியது, பெரும்பாலோர் பயன்படுத்தும் மென்பொருள்காரர்களிடம் சேர்ந்து கேட்பதுதான்.

ஊசி அறைச் செவிலியர் அம்மாவிடம் ஒரு கேள்வி. நின்றுபோன கிளினிக்குகளில் பல மாதத்துக் காகிதப் பேரேடு தேங்கிக் கிடக்கிறது. அதை முடித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவோம் என்கிறார்கள். ஆள் வைத்து ஏற்றிவிடலாமா?


மறுமொழி 6: ஊசி அறைச் செவிலியர்

வேண்டாம் டாக்டர். தேங்கியதைக் கண்டுதான் அவர்கள் பயப்படுகிறார்கள். அதையே முதல் வேலையாக வைத்தால் இன்னும் ஒரு மாதம் போய்விடும். வெளியாள் ஏற்றினால் எம்.ஆர்., எம்.எம்.ஆர். குழப்பமும் சேர்ந்து ஏறும். நாளைக்கு வரும் குழந்தையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழந்தையும் அடுத்த தவணைக்கு வரும்போது, அட்டையும் தாயும் எதிரில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், அந்தக் குழந்தையின் பழைய தவணைகளை மட்டும் பேரேட்டில் பார்த்து ஏற்றி, அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். கைக்குழந்தைகள் ஒன்பதாம் மாத ஊசிக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள். கோடு விழாமல் நிற்கும் பெயர்கள் யார் யார் என்று அப்போது பாருங்கள். அவர்களுக்குத்தான் போன் செய்ய வேண்டும்.